'தயவுசெய்து' மட்டும் போதுமா? ஒரு பஸ் சீட்டின் வரலாறு

பஸ்ல மாற்றுத்திறனாளிக்கு இடம் விடுவது மரியாதையா, சட்டமா? "ரெண்டும்தான்"னு டக்குனு சொல்லிடலாம். ஆனா கேட்டும் ஒருத்தர் எழுந்திருக்கலைன்னா? இங்கிலாந்தில் இதுக்குப் பதில் கிடைக்க ஐந்து வருஷம் ஆச்சு.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். 1978 ஜூலை 5, அமெரிக்காவின் டென்வர் நகரம். சக்கர நாற்காலியோடு பஸ்ஸில் ஏற வழியில்லை. 19 மாற்றுத்திறனாளிகள் நடுச்சாலையில் இரண்டு பஸ்களைச் சூழ்ந்து, ராத்திரி முழுக்க நகரவிடாமல் மறித்தார்கள். அன்றைய கோரிக்கை சிம்பிள்: எங்களையும் ஏத்துங்க.

பிரிட்டனில் 2000-ம் ஆண்டு விதிமுறைகள் புதிய பஸ்களில் சக்கர நாற்காலிக்குத் தனி இடத்தைக் கட்டாயமாக்கின. அப்போ பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை. படி ஏறாமல் உள்ளே போக முடிந்ததால், குழந்தையின் தள்ளுவண்டியோடு வரும் பெற்றோருக்கும் அதே இடம்தான் வசதியா இருந்தது.

2012 பிப்ரவரி 24. சக்கர நாற்காலி பயன்படுத்தும் டக் பாலி, வெதர்பியிலிருந்து லீட்ஸ் போகும் பஸ்ஸுக்கு வந்தார். அவருக்கான இடத்தில் ஒரு அம்மா, தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தையோடு இருந்தார். டிரைவர் கேட்டார். வண்டியை மடக்க முடியாதுன்னு அந்த அம்மா சொல்லிட்டார். 'என் நாற்காலியை மடக்கிட்டு சாதாரண சீட்ல உட்காரட்டுமா'ன்னு பாலி கேட்டார். வளைவான ரோடு, நாற்காலியைக் கட்டி வைக்க வழியில்லைன்னு டிரைவர் மறுத்தார். பாலி அடுத்த பஸ்ஸில் போனார். லீட்ஸில் பிடிக்க வேண்டிய ரயில் போயிடுச்சு.

அவர் வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றம் 5,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. 2014-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2017 ஜனவரி 18-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். டிரைவர் வெறுமனே கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும் கொள்கை போதாது. மறுப்பு நியாயமில்லைன்னு தோணினா அடுத்த படிக்குப் போகணும்: கண்டிப்பான குரலில் சொல்லலாம், சில நிமிஷம் பஸ்ஸை எடுக்காமலே நிறுத்தி வைக்கலாம். ஆனா வலுக்கட்டாயமா இறக்கிவிட வேண்டிய கடமை இல்லை. பாலிக்கு இழப்பீடும் திரும்பக் கிடைக்கலை.

கவனிச்சீங்களா? 1978-ல் பஸ்ஸை நிறுத்தியவர்கள் வெளியே விடப்பட்டவர்கள். 2017-ல் தேவைப்பட்டால் நிறுத்துங்கன்னு நீதிமன்றமே டிரைவரிடம் சொல்லுது.

நம்ம பாஷையில் சொன்னா, பஸ் கம்பெனியின் கொள்கையில் 'இஃப்' இருந்தது, 'எல்ஸ்' இல்லை. 'கேள், இடம் கொடுத்தால் ஏற்று' என்பதோடு முடிஞ்சிடுச்சு. கொடுக்கலைன்னா? அந்த வெற்றிடத்தின் செலவை ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்தான் கட்டுறார்: பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பவர்.

அந்த அம்மாவை வில்லியாக்க வேண்டாம். அவங்களுக்கும் தூங்குற குழந்தை இருந்துச்சு. ஆனா அவங்க முன்னால் சில வழிகளாவது இருந்தன. பாலிக்கு இருந்தது அந்த ஒரே இடம். மரியாதை நல்லதுதான். அது இல்லாத நாளிலும் ஒருத்தர் வீடு போய்ச் சேரணும், அதுக்குத்தான் உரிமை.