திருவிதாங்கூர்ப் பொறுப்பாட்சிப் போராட்டம்: காரணங்களும் விளைவுகளும்
(தம்பானூர்ப் பேரணியை முன்வைத்து)

முன்னுரை

முடியாட்சிக்கு எதிராக மக்கள் கிளர்ந்தெழுந்த நிகழ்வுகளுள் பிரெஞ்சுப் புரட்சியும் உருசியப் புரட்சியும் அரியணையையே அகற்றின. திருவிதாங்கூரில் 1938 முதல் 1948 வரை நடைபெற்ற பொறுப்பாட்சிப் போராட்டம் அவற்றினின்றும் வேறுபட்டது. இங்கு மக்கள் மன்னரை அகற்ற முனையவில்லை. மன்னரின் பெயரால் ஆண்ட திவானையே எதிர்த்தனர். இவ்வேறுபாடு போராட்டத்திற்கு வலிமையாகவும் வரம்பாகவும் அமைந்தவாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போராட்டத்தின் காரணங்கள்

திருவிதாங்கூரில் 1888இல் சட்டமன்றமும் 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் தோற்றுவிக்கப்பட்டன. எனினும் நிருவாகம் அவற்றுக்குக் கட்டுப்பட்டதன்று. கல்வி பரவிய அந்நாட்டில் படித்தோர் தொகை பெருகியது. ஆனால் அரசுப் பணியின் வாயில் பலருக்கு அடைபட்டே கிடந்தது. உயர்பதவிகளில் வெளிநாட்டவர், குறிப்பாகத் தமிழ்ப் பிராமணர், மிகுந்திருந்தமையை எதிர்த்து 1891இல் மலையாளி மெமோரியல் என்னும் விண்ணப்பம் அளிக்கப்பட்டது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட ஈழவர் விண்ணப்பம் 1896இல் டாக்டர் பல்பு முயற்சியால் எழுந்தது.

1932ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் சொத்து அடிப்படையிலான வாக்குரிமையைத் தொடர்ந்தது. அதனால் தமக்கு உரிய இடம் கிட்டாது எனக் கருதிய கிறித்தவர், ஈழவர், இசுலாமியர் ஆகிய முப்பிரிவினரும் இணைந்து நிவர்த்தன இயக்கத்தைத் தொடங்கினர். கோழஞ்சேரியில் 1935 மே மாதம் ஆற்றிய உரைக்காக சி. கேசவன் சிறைப்படுத்தப்பட்டார். சாதி, சமய அடிப்படையில் எழுந்த கோரிக்கைகள் பொது அரசியல் கோரிக்கையாகத் திரள்வதற்கு இவ்வியக்கம் வழிகோலியது எனலாம்.

1936 அக்டோபரில் சர் சி.பி. இராமசாமி ஐயர் திவானானார். அவ்வாண்டு நவம்பர் 12இல் வெளியான ஆலய நுழைவுப் பிரகடனம் இந்திய அளவில் போற்றப்பட்டது. கோயிற் கதவைத் திறந்த அவ்வரசே அரசியற் கதவை இறுக மூடியமை கருதத்தக்கது. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடப்பட்டமையும், மலையாள மனோரமா இதழ் முடக்கப்பட்டமையும் வணிகரையும் படித்தவரையும் ஒருசேர எதிரணியில் சேர்த்தன.

தம்பானூர்ப் பேரணி

1938 பிப்ரவரியில் பட்டம் தாணுபிள்ளை தலைமையில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவாயிற்று. அது மே மாத இறுதியில் மன்னருக்கு அளித்த விண்ணப்பம் திவானின் நீக்கத்தைக் கோரியது. ஆகஸ்டு இறுதியில் சட்டமறுப்பு தொடங்கியது, இயக்கம் தடைசெய்யப்பட்டது. ஆகஸ்டு 31இல் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறைசென்றனர். பன்னிரண்டாவதாகத் தலைமைப் பொறுப்பை ஏற்றவர், ஆசிரியப் பணியைத் துறந்து வந்த காஞ்சிரப்பள்ளி அக்கம்மா செறியான் ஆவார்.

1938 அக்டோபர் 23இல் அவர் தலைமையில் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனை நோக்கிப் பேரணி புறப்பட்டது. 1931இல் இரயில் நிலையம் அமைந்தபின் தம்பானூர் தலைநகரின் தலைவாயிலாக விளங்கிற்று. வெளியூர் மக்கள் திரள்வதற்கு ஏற்ற இடமும் அதுவே. திரண்டோர் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்பர். சுட ஆணையிட்ட ஆங்கிலேய அதிகாரியிடம், தலைவி தாமே என்றும் பிறரைச் சுடுமுன் தம்மைச் சுடவேண்டும் என்றும் அவர் கூறியதாக வரலாறு குறிக்கிறது. ஆணை திரும்பப் பெறப்பட்டது. காந்தியடிகள் அவரைத் திருவிதாங்கூரின் ஜான்சி ராணி எனப் பாராட்டினார்.

பேரணியை ஒட்டிச் சிறைப்பட்ட தலைவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஆனால் அவ்விடுதலை மன்னர் சித்திரைத் திருநாளின் பிறந்தநாள் அருளாகவே வழங்கப்பட்டது. மக்கள் உரிமையாகக் கேட்டதை அரசு கருணையாகத் தந்தது. பொறுப்பாட்சி கிட்டவில்லை; அவ்வாண்டு டிசம்பரிலேயே அக்கம்மா செறியான் மீண்டும் சிறைப்படுத்தப்பட்டார். காந்தியடிகளின் அறிவுரைப்படி திவான்மீதான குற்றச்சாட்டுகளை இயக்கம் திரும்பப் பெற்றது. இதில் மனநிறைவு கொள்ளாத இளைஞர் பலர் இடதுசாரிப் பாதையில் சென்றனர்.

விளைவுகள்

அப்பாதை 1946 அக்டோபரில் புன்னப்புரை-வயலார் எழுச்சியில் முடிந்தது. சட்டமன்றத்தால் நீக்கவியலாத நிருவாகத்தை முன்வைத்த திவானின் அரசியல் திட்டத்தை ஆலப்புழைப் பகுதிக் கயிற்றுத் தொழிலாளர் எதிர்த்தனர். இராணுவம் அவர்களை ஒடுக்கியது. 1947 ஜூனில் தனித் திருவிதாங்கூர் அறிவிக்கப்பட்டது. ஜூலை 25இல் திவான் தாக்கப்பட்டார். சில நாள்களில் மன்னர் இந்திய ஒன்றியத்தில் இணைய இசைந்தார். செப்டம்பர் 4இல் பொறுப்பாட்சி அறிவிக்கப்பட்டது. 1948இல் வயதுவந்தோர் வாக்குரிமையின்படி தேர்தல் நடைபெற்று, மார்ச்சு 24இல் பட்டம் தாணுபிள்ளை அமைச்சரவை பதவியேற்றது. மன்னரோ 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி உருவானபின் 1956 வரை இராஜபிரமுகராகத் தொடர்ந்தார்.

தென்திருவிதாங்கூர்த் தமிழர் நிலை

மக்களாட்சி மலர்ந்தபோது தமிழர்க்கு மற்றொரு வினா எழுந்தது. ஸ்டேட் காங்கிரஸ் ஐக்கிய கேரளத்தை நோக்கிச் சென்றதால், நாகர்கோவிலைக் களமாகக் கொண்டு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வளர்ந்தது. 1948 தேர்தலில் அது 14 இடங்களை வென்றது. 1954 ஆகஸ்டு 11இல் தமிழர் போராட்டத்தின்மீது மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது முதலமைச்சர், 1938இல் அடக்குமுறையை எதிர்த்துச் சிறைசென்ற பட்டம் தாணுபிள்ளையே ஆவார். அவர் பதவி விலகவேண்டும் என்று அவர்தம் கட்சியைச் சார்ந்த இராம் மனோகர் லோகியா வற்புறுத்தினார். 1956 நவம்பர் 1இல் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழகத்தோடு இணைந்தன.

முடிவுரை

திவான் என்னும் ஒருவரை இலக்காக்கியமை பல்வேறு சாதி, சமயத்தாரை ஓரணியில் நிறுத்தியது. அதுவே அவ்வொற்றுமையின் குறைபாடும் ஆயிற்று. திவான் அகன்றபின் அதிகாரம் யாருக்கு, எம்மொழியினர்க்கு, எவ்வகையில் பகிரப்படும் என்னும் வினாக்களுக்கு இயக்கத்திடம் விடை இல்லை. தம்பானூரில் தயங்கி நின்ற துப்பாக்கி, மக்களாட்சி மலர்ந்தபின் மார்த்தாண்டத்தில் வெடித்தது. ஆட்சியாளர் மாறுவது மட்டுமே ஆட்சிமுறை மாறுவதாகாது என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் உண்மையாகும்.