தார்வாடின் தண்ணீர்

மல்லிகார்ஜுன் மன்ஸூர், கங்குபாய் ஹங்கல், பீம்சேன் ஜோஷி, குமார் கந்தர்வ, பசவராஜ் ராஜகுரு. வட கர்நாடகத்தின் ஒரே வட்டாரத்தில், ஏறக்குறைய ஒரே தலைமுறைக்குள், ஹிந்துஸ்தானி சங்கீதத்தின் இத்தனை பெரிய குரல்கள் எப்படித் தோன்றின? இந்தக் கேள்விக்குத் தார்வாட்காரர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: ‘இந்த ஊர்த் தண்ணீர் அப்படி.’ மலைநாட்டின் கடைசி மேடுகளும் கரிசல் சமவெளியும் சந்திக்கும் விளிம்பில் ஊர் இருக்கிறது. ஜூனில் பிடிக்கும் தூறல் லேசில் விடாது. அந்த மழையில் மண்சுவரும் ஓட்டுக்கூரையும் நனைந்து கிடக்க, எங்கோ ஒரு வீட்டில் தம்பூரா கேட்டால், தண்ணீர்தான் காரணம் என்று யாருக்கும் நம்பத் தோன்றும்.

எனக்கு அது போதவில்லை. 1985லிருந்து 1992 வரை உத்தியோக நிமித்தம் அந்த ஊரில் இருந்தேன். கலை நிலத்தடியிலிருந்து ஊறி வருவதாகச் சொல்லிவிட்டால், அதை உண்டாக்கியவர்கள் யார், அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்ற கேள்விகளை எழுப்பாமலே ரசித்துக்கொண்டிருக்கலாம். பெருமையோடு கலந்த ஒரு மறதி அது. நம் பக்கத்திலும் காவிரித் தண்ணீரைப் பற்றி இதே மாதிரிப் பேச்சு உண்டு.

முதலில், கன்னடம் பேசும் ஊரில் ஹிந்துஸ்தானி இசை வேரூன்றியதே விளக்கம் வேண்டிய விஷயம். 1956 வரை தார்வாட் மைசூர் ராஜ்யத்தில் இல்லை; பம்பாய் மாகாணத்தில் இருந்தது. வடக்கே சாங்லி, மீரஜ், ஜமகண்டி என்று மராத்தி சமஸ்தானங்கள். அங்கிருந்து சங்கீத நாடகக் கம்பெனிகள் வந்தன. அவற்றில் கதை ஒரு சாக்குத்தான். நடிகர் பாட ஆரம்பித்துவிட்டால் கதை ஓரமாக உட்கார்ந்து காத்திருக்கும். ‘ஒன்ஸ்மோர்’ விழுந்தால் மறுபடி காத்திருக்கும். கிட்டப்பாவுக்காக இரவெல்லாம் கண்விழித்த நம் பாட்டனார்களுக்கு இது புதிதல்ல. ஸவாய் கந்தர்வ என்பதே மேடை தந்த பெயர். அதற்குரியவர் குந்த்கோல் கிராமத்து ராமச்சந்திரர் (1886–1952). மன்ஸூர் என்ற சிறு கிராமத்தில் 1910ல் பிறந்த மல்லிகார்ஜுனும் சிறுவனாக நாடகக் கம்பெனிக்குத்தான் போனார். அவர் முதலில் கற்றது கர்நாடக சங்கீதம். பிறகு மீரஜில் குவாலியர் வழி. அதற்கும் பிறகு பம்பாயில் மஞ்சி கானிடம் ஜெய்ப்பூர் வழி. ஊர்த் தண்ணீர் ஒன்றே போதுமென்றால் இவ்வளவு அலைச்சல் எதற்கு?

இரண்டாவது, ரயில். வடக்கத்தி உஸ்தாதுகள் மைசூர் அரண்மனைக் கச்சேரிக்கு மீரஜ், ஹூப்ளி வழியாகப் போக வேண்டும். வழியில் தார்வாடில் இறங்குவார்கள், தங்குவார்கள், பாடுவார்கள், சிலர் அங்கேயே நின்றும் விடுவார்கள். சிதார் ரஹிமத் கான் அப்படி நின்றவர்; அவருடைய வம்சம் மூன்று தலைமுறையாக அந்த ஊரில் சிதார் வாசித்தது. நிற்காமல், ஆனால் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தவர் அப்துல் கரீம் கான். கிரானா வழியின் அந்த மெல்லிய, இழைந்த குரல் தெற்கே வந்து வந்து கர்நாடக ஸ்வரம் பாடும் முறையைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. தியாகராஜரின் கரஹரப்ரியா கிருதி ஒன்றை இசைத்தட்டில் பதிவு செய்யும் அளவுக்கு. 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் உடம்புக்கு முடியாமல் ரயிலை விட்டு இறங்கி, சிங்கப்பெருமாள்கோயில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உயிர்விட்டார். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் தினம் போய்வருபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை.

தார்வாட் பேடாவும் இப்படி வந்ததுதான். பிளேக் காலத்தில் உத்தரப் பிரதேசத்து உன்னாவிலிருந்து பிழைக்க வந்த தாக்கூர் குடும்பம் பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்து விற்ற பண்டம் அது. இன்று புவிசார் குறியீடு பெற்று ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. லைன் பஜாரில் அதற்காக வரிசையில் நிற்பவர்களிடம் இது வடநாட்டு இனிப்பு என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.

ஆனால் நாடகமும் ரயிலும் வந்துபோகிற குரல்களைத்தான் கொண்டுவரும். ஒரு ஊரில் சங்கீதம் தங்க வேண்டுமானால் அதற்கு வீடு வேண்டும். தார்வாடில் அந்த வீடுகள் பாடும் பெண்களுடையவை. ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் இடமும் இதுதான்.

கங்குபாய் 1913ல் தார்வாடில் பிறந்தார். தாயார் அம்பாபாய் கர்நாடக சங்கீதம் பாடுபவர். தாய்வழி நடந்த குடும்பம். அம்பாபாயின் பாட்டைக் கேட்க அப்துல் கரீம் கானே வருவாராம். கங்குபாய் தம் சிறுவயதைப் பற்றிச் சொன்னவற்றில் இரண்டை என்னால் மறக்க முடிவதில்லை. பக்கத்துச் செல்வந்தப் பிராமணரின் தோப்பில் மாங்காய் திருடப் போய் அகப்பட்டுக்கொண்டார். வீட்டார் பதறியது திருட்டுக்காக அல்ல. பாடுகிறவளின் பெண் தோப்புக்குள் கால் வைத்துவிட்டாளே என்பதற்காக. மற்றது 1924 பெல்காம் காங்கிரஸ், காந்தி தலைமை வகித்த ஒரே காங்கிரஸ். அங்கே வரவேற்புப் பாட்டுப் பாடிய சிறுமிகளில் அவரும் ஒருவர். பாடும்போது அவருக்கிருந்த பயம் சுருதியைப் பற்றியதல்ல. சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் எச்சில் இலை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

மகளுக்கு ஹிந்துஸ்தானி நன்றாகப் படிய வேண்டும் என்று அந்தத் தாய் தம்முடைய கர்நாடக சங்கீதத்தைப் பாடுவதையே நிறுத்திக்கொண்டார். தார்வாடின் ரசனை என்று சொல்கிறோமே, அது ஒரு பெண் தன் வாயை மூடிக்கொண்டதிலும் இருக்கிறது. பிற்காலத்தில், மாந்தோப்பில் கால் வைக்கக்கூடாதென்ற அதே மனிதர்கள் கங்குபாயைத் தங்கள் வீட்டுக்குள் அழைத்தார்கள். அதை அவர் கசப்பில்லாமல்தான் சொன்னார். ஆனால் சொல்லாமல் விடவில்லை. பாடுகிற ஆண் முஸ்லிமானால் உஸ்தாத், ஹிந்துவானால் பண்டிதர், பெண்ணோ எவ்வளவு பாடினாலும் பாய்தான் என்பதும் அவர் சொன்னதே.

இங்கே மதுரை என் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. வீணை ஷண்முகவடிவின் மகள் சுப்புலட்சுமி, கங்குபாயை விட மூன்று வயது இளையவர், 1930களில் சென்னைக்குப் போனார். அந்தக் குரல் உலகெல்லாம் போயிற்று. ஆனால் அது பிறந்த வீட்டின் சாயலை அதன்மீதிருந்து மெல்ல மெல்லத் துடைத்தெடுத்துவிட்டுத்தான் நாம் அதைக் கும்பிட்டோம் என்பது என் அபிப்பிராயம். கங்குபாய் தார்வாடிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஹூப்ளிக்குப் போனார். 2009ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். தான் யார் வீட்டுப் பெண் என்பதைத் தானே சொல்லிக்கொண்டு, தன்னை ஒதுக்கிய மனிதர்கள் நடக்கும் அதே தெருக்களில் நடந்துகொண்டு. எது நல்லது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒரு ஊர் தன் கலைஞரைத் தினமும் எதிர்கொள்ள வேண்டியிருப்பதற்கும், கலைஞரை ஏற்றுமதி செய்துவிட்டுப் படத்துக்கு மாலை போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஹூப்ளியிலிருந்து அவர் ரயிலேறிக் குந்த்கோலுக்குப் போவார், ஸவாய் கந்தர்வரிடம் பாடம் கேட்க. திரும்பும்போது இருட்டிவிடும். அப்போது குருகுலவாசத்தில் இருந்த இளைஞன் பீம்சேன் ஸ்டேஷன் வரை துணைக்கு வருவானாம். அப்துல் கரீம் கானின் இசைத்தட்டு ஒன்றைக் கடையில் கேட்டுவிட்டுப் பதினொரு வயதில் வீட்டை விட்டு ஓடி, ஊர் ஊராக குரு தேடி அலைந்து, கடைசியில் பக்கத்துக் கிராமத்திலேயே குருவைக் கண்டவன் அந்த இளைஞன். குந்த்கோலில் நாடிகர் குடும்பத்துப் பழைய வாடாவில் ஸவாய் கந்தர்வரின் நினைவாக விடிய விடியக் கச்சேரி நடக்கும். ஒரு வருஷம் போயிருந்தேன். மரத்தூண்கள், ஜமக்காளம், பின்னால் குழந்தைகள் தூங்கிக்கொண்டு. அங்கே தலையசைத்தவர்களில் பாதிப் பேர் பருத்தி விவசாயிகள். அவர்கள் ராகத்தின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் இருந்த காலத்துத் தார்வாடில் சபா என்ற அமைப்பின் அதிகாரம் கிடையாது. யாராவது ஒரு வக்கீல் அல்லது வாத்தியார் வீட்டுக் கூடத்தில் பைட்டக். செய்தி வாய்வழியாகப் பரவும். டிக்கெட் இல்லை, மிர்ச்சியும் பொரியும் தேநீரும் உண்டு. செருப்புக் குவியலைப் பார்த்தே எவ்வளவு கூட்டம் என்று தெரிந்துகொள்ளலாம். மன்ஸூரை இரண்டு முறை கேட்டேன். எண்பதை நெருங்கிய, ஒடிசலான உடம்பு. அபூர்வமான ஜோடு ராகங்களைப் பீடிகை இல்லாமல், ஏதோ பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வதுபோல் எடுப்பார். மறுநாள் கடைத்தெருவில் அதே மனிதர் வெள்ளை ஜிப்பாவில், விரலிடையில் பீடியோடு. யாரும் கூட்டம் கூடவில்லை. அலட்சியமென்று முதலில் தோன்றும். பழக்கம் என்று பிறகு புரியும். 1950ல் திறந்த வானொலி நிலையம் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு வழி செய்தது. மன்ஸூர் அங்கே சங்கீத ஆலோசகர். கவிஞர் பேந்த்ரேயும் ஆலோசகர்தான். அரண்மனை செய்ததை ஒரு சர்க்கார் அலுவலகம் செய்தது. இதில் கவர்ச்சி இல்லை, ஆகவே ஊர்க்கதைகளில் இது வருவதில்லை.

பேந்த்ரேயின் தாய்மொழி மராத்தி. கன்னடத்தில் எழுதினார், அதுவும் தார்வாட் தெருக்கன்னடத்தின் தாளத்தில். சுபாஷ் ரோட்டில் ஜி.பி. ஜோஷி 1933ல் தொடங்கிய மனோஹர கிரந்தமாலா என்ற பதிப்பகத்தின் மாடிக்கு ‘அட்டா’ என்று பெயர், பரண் என்று அர்த்தம். அந்தப் பரணில் உட்கார்ந்து பேசியவர்களால் நவீன கன்னட இலக்கியத்தில் பாதி உருவாயிற்று. கிரீஷ் கர்னாடின் முதல் நாடகம் ‘யயாதி’ 1961ல் வெளிவந்தது அங்கிருந்துதான். மாடிப்படி செங்குத்து. ஏறியவனை யார் நீ என்று கேட்கும் வழக்கம் இல்லை.

இந்தத் திறந்த கதவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சரணர்களின் வசனங்களை மன்ஸூர் பக்தியோடு பாடுவார். அதே வசனங்களை ஆராய்ச்சிக் கண்ணோடு பார்த்து, மடங்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டவர் எம்.எம். கல்புர்கி. 2015 ஆகஸ்ட் 30ஆம் தேதி காலை தார்வாடில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த ஊர் வழக்கப்படி கதவு திறக்கப்பட்டது. சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அதன்பின் ஒருமுறை தார்வாட் போனபோது என் பழைய நண்பர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வாசல் கதவில் வெளியே பார்க்கும் கண்ணாடித் துவாரம் ஒன்று வைத்திருந்தார். பிள்ளைகள் வற்புறுத்தி வைத்ததாம். அவர் வீட்டில் இப்போதும் எப்போதாவது பைட்டக் உண்டு. அன்றைக்கு அந்தத் துவாரத்தால் பிரயோஜனமில்லை என்றார். ஒவ்வொருவருக்காகவும் எழுந்து போனால் பாடுகிறவருக்குத் தொந்தரவு. கதவைத் திறந்துதான் போட்டுவைக்க வேண்டியிருக்கிறது.