வேகத்தைக் குறைத்த கிடார்: ஸ்டீவி ரே வானின் 'இன் ஸ்டெப்' ஏன் ஸ்பெஷல்?

ரீல்ஸில் ஸ்க்ரோல் பண்ணும்போது கிடாரில் மின்னல் வேகத்தில் விரல் ஓட்டுகிற யாரையாவது பார்த்து 'செம' என்று ஹார்ட் போட்டிருப்பீங்க. அந்த மாதிரி வாசிப்பவர்களில் பாதிப்பேர் யாரைக் கேட்டு வளர்ந்தவர்கள் தெரியுமா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த ஸ்டீவி ரே வானைத்தான். ப்ளூஸ் ராக் என்றாலே முதல் வரிசையில் வரும் பெயர். ஆனால், இங்கே பேசப்போவது அவருடைய வேகத்தைப் பற்றி அல்ல. அதை அவர் கட்டுப்படுத்திய ஆல்பத்தைப் பற்றி.

முதலில் வேகத்தையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. பெரும்பாலான எலெக்ட்ரிக் கிடார்களில் மெல்லிய கம்பி 0.009 அல்லது 0.010 இன்ச் தடிமன்தான் இருக்கும். இவர் ஆரம்பத்தில் போட்டது 0.013. அதை விரலால் இழுத்து வளைப்பதற்கே தனி பலம் வேணும். 1982-ல் ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரூ விழாவில் வாசித்தபோது கூட்டத்தில் ஒரு பகுதி 'பூ' என்று கத்தியது. ஆனால் அங்கிருந்த டேவிட் போவி அவரைத் தன் 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பத்துக்கு வாசிக்க அழைத்தார். ஜாக்சன் பிரௌன் தன் ஸ்டுடியோவை இலவசமாகவே கொடுத்தார். சில நாட்களிலேயே பதிவு முடிந்து, 1983-ல் முதல் ஆல்பம் 'டெக்சாஸ் ஃப்ளட்' வெளிவந்தது. அடுத்த வருஷம் வந்த 'ஸ்கட்டில் பட்டின்' கேட்டுப் பாருங்க. இரண்டு நிமிஷம்கூட இல்லை, மூச்சு வாங்கும். நமக்கு.

மேடையில் இப்படி. மேடைக்கு வெளியே மதுவும் கோகெய்னும். 1986 ஆகஸ்டில் அப்பா இறந்தார். அடுத்த மாதம் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் ஸ்டீவி ஜெர்மனியில் சுருண்டு விழுந்தார். லண்டனில் பரிசோதித்த டாக்டர், இப்படியே போனால் ஒரு மாதம்தான் என்கிற அளவுக்கு எச்சரித்தார். வயிறு அந்த அளவுக்குப் புண்ணாகியிருந்தது. அங்கிருந்து நேராக அட்லாண்டாவில் மறுவாழ்வு சிகிச்சை. அதே சமயத்தில் பேஸ் கிடாரிஸ்ட் டாமி ஷானனும் சிகிச்சையில் சேர்ந்தார். அப்போது ஸ்டீவிக்கு வயது 32.

குணமாகி வந்ததும் ஒரு புது பயம். போதை இல்லாமல் ஒரு ஆல்பத்தைக் கூட அவர் பதிவு செய்ததில்லை. அந்தத் தீ, அந்த வெறி எல்லாம் கிடாரிலிருந்து வந்ததா, பாட்டிலிலிருந்து வந்ததா? இதற்குப் பதில் தெரியாமல்தான் ஸ்டுடியோவுக்குள் போனார். மெம்பிஸ் நகரில் தயாரிப்பாளர் ஜிம் கெய்ன்ஸோடு பதிவு நடந்தது. 1989 ஜூனில் 'இன் ஸ்டெப்' வெளியானது. தாளத்தோடு சேர்ந்து நடப்பது என்று பொருள் சொல்லலாம். குடியிலிருந்து மீள்பவர்களின் 12 படித் திட்டமும் அந்தத் தலைப்புக்குள் ஒளிந்திருக்கிறது.

எங்கே தெரியுது அந்த நிதானம்?

'கிராஸ்ஃபயர்' பாட்டில் ஆரம்பிங்க. பாட்டைத் தூக்கி நிறுத்துவது கிடார் இல்லை, ஷானனின் பேஸ். மேலே ரீஸ் வைனன்ஸின் ஆர்கன், ஹார்ன் செக்‌ஷன். ஸ்டீவி எங்கே? இடையிடையே ரெண்டு சொல் பேசிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். பழைய ஸ்டீவியாக இருந்தால் ஒவ்வொரு இடைவெளியையும் நோட்ஸ் போட்டு நிரப்பியிருப்பார். இங்கே சோலோ வரும்வரை காத்திருக்கிறார், அதனாலேயே அது வந்ததும் குத்துகிறது. அமெரிக்காவின் மெயின்ஸ்ட்ரீம் ராக் பட்டியலில் முதலிடம் பிடித்தது இந்தப் பாட்டுதான். இத்தனைக்கும் இதை எழுதியவர்களில் ஸ்டீவி இல்லை!

'டைட்ரோப்', 'வால் ஆஃப் டினையல்' இரண்டும் நண்பர் டாயில் பிராம்ஹாலோடு சேர்ந்து எழுதியவை. அவரும் போதையிலிருந்து மீண்டவர். காதலி விட்டுட்டுப் போயிட்டா என்று புலம்புவது ப்ளூஸில் சகஜம். இந்த ரெண்டு பாட்டில் திட்டு வாங்குவது பாடகரேதான். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பொய்களைப் பற்றிப் பாடுகிறார். அதுவும் அறிவுரை தொனியே இல்லாமல், ஆட வைக்கிற தாளத்தில்.

எல்லாமே மாஸ்டர்பீஸ் என்று சொல்ல மாட்டேன். 'ஸ்க்ராட்ச் அண்ட் ஸ்னிஃப்' இடத்தை அடைக்க வந்த பாட்டு, ஸ்கிப் பண்ணலாம். டிரம்ஸ் சத்தத்தில் எண்பதுகளின் பளபளப்பும் கொஞ்சம் தூக்கல்.

ஆனால் கடைசிப் பாட்டு இருக்கே, 'ரிவியரா பாரடைஸ்'... அதுக்காகவே இந்த ஆல்பத்தைக் கேட்கலாம். பாடல் வரிகளே கிடையாது. கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷம், ஜாஸ் வாசனையோடு மெதுவாக நகரும். டேப்பில் ஒன்பது நிமிஷம்தான் மிச்சம் என்று கெய்ன்ஸ் முதலிலேயே சொல்லியிருக்கிறார். நாலு நிமிஷப் பாட்டுதான், பிரச்னை இல்லை என்றாராம் ஸ்டீவி. விளக்குகளை மங்கலாக்கிவிட்டு வாசிக்க ஆரம்பித்தவர், தன்னை மறந்து போய்க்கொண்டே இருந்தார். டேப் தீரப்போகிறது, கன்ட்ரோல் ரூமில் பதற்றம். கெய்ன்ஸ் சைகை காட்ட, டிரம்மர் கிறிஸ் லேட்டன் அதைப் பார்த்து ஸ்டீவிக்குக் கண் ஜாடை காட்ட, அவர் அவசரமே இல்லாமல் அழகாக முடித்தார். அடுத்த சில நொடிகளில் டேப் காலி. நீங்கள் கேட்பது அந்த ஒரே டேக்தான்.

கேட்கும்போது நோட்ஸை எண்ணாதீங்க, நடுவில் விடுகிற இடைவெளிகளைக் கவனிங்க. ஒரு வரி வாசிக்கிறார், நிறுத்துகிறார், அந்த ஒலி தேய்ந்து முடியும்வரை விடுகிறார். பிறகுதான் அடுத்தது. விரலில் வேகம் இல்லாதவர் மெதுவாக வாசிப்பது வேற. வேகம் முழுசா கையில் இருந்தும் அதை எடுக்காமல் வைத்திருப்பது வேற. 'ஸ்கட்டில் பட்டின்' கேட்ட கையோடு இதைப் போட்டால் அந்த வித்தியாசம் புரியும்.

இந்த ஆல்பத்துக்கு கிராமி விருதும் கிடைத்தது. 1990 ஆகஸ்ட் 27 அதிகாலை, விஸ்கான்சினில் எரிக் கிளாப்டன், பட்டி கை, அண்ணன் ஜிம்மி வான் ஆகியோரோடு ஒரே மேடையில் வாசித்து முடித்துவிட்டு ஸ்டீவி ஏறிய ஹெலிகாப்டர் மலைச்சரிவில் மோதியது. அதில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். அவருக்கு வயது 35. போதையை விட்டு நாலு வருஷம்கூட முழுசா ஆகவில்லை. 'டபுள் ட்ரபிள்' குழுவோடு அவர் வாழ்ந்தபோது வெளியான கடைசி ஸ்டுடியோ ஆல்பம் 'இன் ஸ்டெப்'தான். அண்ணனோடு சேர்ந்து பதிவு செய்திருந்த 'ஃபேமிலி ஸ்டைல்' அவர் இறந்த அடுத்த மாதம் வந்தது.

மொத்த ஆல்பமும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு விஷயம் மட்டும்: 'ரிவியரா பாரடைஸ்' வரும்போது போன் ஸ்பீக்கர் வேண்டாம், இயர்போன் மாட்டிக்கோங்க. மெல்லிய இடங்கள் எல்லாம் ஃபேன் சத்தத்திலேயே காணாமல் போயிடும்.