நூற்றுக்கு ஆறு வீடுகள்: வலென்சியா அரிசியின் வரலாறு

1609ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று, ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் ஓர் அரச ஆணை பறைசாற்றப்பட்டது. மொரிஸ்கோக்கள் எனப்பட்டோர் அனைவரும் மூன்று நாட்களுக்குள் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட வேண்டும். கையில் சுமக்க முடிந்ததை மட்டும் எடுத்துச் செல்லலாம். மீறுவோருக்கு மரண தண்டனை. 1525இல் கட்டாயமாக ஞானஸ்நானம் செய்விக்கப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களே இம்மக்கள். அன்றைய வலென்சியா அரசின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அவர்கள்.

அந்த ஆணைக்குள் ஒரு விதிவிலக்கும் இருந்தது. நூறு வீடுகள் கொண்ட ஊரில் ஆறு குடும்பங்கள் தங்கிக்கொள்ளலாம். அதற்கான காரணமும் அங்கேயே கூறப்பட்டிருந்தது: வீடுகளையும், கரும்பு ஆலைகளையும், நெல் விளைச்சலையும், பாசன அமைப்புகளையும் காக்க வேண்டும், புதிதாகக் குடியேறுவோருக்கு அவற்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு சமுதாயத்தையே வேண்டாம் என்று விரட்டிய அரசு, அதன் நெல் அறிவு இல்லாமல் நிலம் பாழாகும் என்பதைத் தன் ஆணையிலேயே ஒப்புக்கொண்டது.

அந்த அறிவு எப்படி உருவானது?

711இல் முஸ்லிம்கள் ஐபீரிய மண்ணில் கால்வைத்த பின்னர், கிழக்கிலிருந்து வந்த பல பயிர்கள் அந்தலூஸில் வேரூன்றின. நெல் அவற்றுள் முதன்மையானது. அரபியின் ‘அர்-ருஸ்’ என்ற சொல்லே ஸ்பானிய மொழியில் ‘அரோஸ்’ ஆயிற்று. வலென்சியாவின் தெற்கே நெல்வயல்கள் சூழ்ந்து கிடக்கும் ஏரியின் பெயர் அல்புஃபேரா. அது ‘அல்-புஹைரா’, அதாவது சிறுகடல். வாய்க்காலுக்கு வழங்கும் ‘அஸெகியா’ என்பது ‘அஸ்-ஸாகியா’. இஷ்பீலியாவைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்ற வேளாண் நூல் நெல் சாகுபடியையும் விளக்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் முர்சியாவைச் சேர்ந்த இப்னு ரஸீன் அத்துஜீபியின் சமையல் நூலில் பாலில் வேகவைத்த அரிசி இடம்பெறுகிறது. இன்றும் ஸ்பெயின் வீடுகளில் பால்சோறு ஓர் இனிப்பாகப் பரிமாறப்படுகிறது.

நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு நீதி வேண்டும். துரியா ஆற்று நீரை வலென்சியா மக்கள் பங்கிட்ட முறை கவனத்திற்குரியது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் உரியது குறிப்பிட்ட அளவு நீர் அன்று. ஆற்றில் ஓடும் நீரில் ஒரு விகிதம். ஆறு பெருகினால் எல்லோருக்கும் பெருகும்; வற்றினால் எல்லோருக்கும் குறையும். நீருரிமை நிலத்தோடு சேர்ந்தது. நிலத்தைப் பிரித்து நீரை மட்டும் விற்க இயலாது. தண்ணீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்ற நபிமொழியை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி எளிதில் விளங்கும்.

இனி அரிசியின் தன்மைக்கு வருவோம். வலென்சியாவின் பெயர் பெற்ற செனியா, பகியா ஆகிய இரகங்கள் நடுத்தர மணி அரிசிகள். மணியின் நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்கும் குறைவாக இருக்கும். பாஸ்மதியைப்போல் மெலிந்து நீண்டிராது. இந்த இரகங்கள் பிற்காலத்தவை என்றாலும், அவை வளரும் சேற்று வயல்களின் மரபு பழையது. அரிசியின் மாவுச்சத்தில் இரு கூறுகள் உண்டு: அமைலோஸ் மிகுந்தால் சோறு உதிரியாகும், அமைலோபெக்டின் மிகுந்தால் மென்மையும் பிசுபிசுப்பும் கூடும். நீள மணி அரிசிகளில் பெரும்பாலும் முன்னதன் பங்கு ஒப்பீட்டளவில் கூடுதல். நடுத்தர மணியிலோ பின்னதன் பங்கு கூடுதல். ஆகவே அது மென்மையாகும்; இறைச்சிச் சாற்றையும் மசாலாவையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும்.

இந்தக் குணமே சமையல் முறையையும் தீர்மானித்தது. வலென்சியாவின் பயேயா அகன்ற, ஆழமற்ற இரும்புத் தட்டில் சமைக்கப்படுவது. இறைச்சியும் காய்களும் வதங்கிக் கொதித்த சாற்றில் அரிசியைப் பரப்பிய பிறகு கிளறுவதில்லை. கிளறினால் மாவு கரைந்து கஞ்சிப்பதம் வந்துவிடும். சாறு முழுவதையும் அரிசி குடித்துத் தீர்த்ததும் அடியில் பொன்னிறமாகக் காந்தல் பிடிக்கும். அந்தக் காந்தலுக்கே வீட்டில் போட்டி! சீரகச் சம்பாவில் பிரியாணி ஆக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும் பண்டாரிகளுக்கும் இதன் நுட்பத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிறுமணி அரிசி கறிச்சாற்றை உறிஞ்சும் அழகை அவர்கள் கைப்பக்குவமாக அறிவார்கள். மணி வேறு, மசாலா வேறு. சுவையைச் சோற்றுக்குள் புகுத்தும் வழி ஒன்றே.

இனி அந்த ஆறு வீடுகளின் கதை. தங்கலாம் என்று அனுமதிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் தங்க மறுத்தனர். உற்றாரும் ஊராரும் கப்பலேறும்போது, வெளிப்படையாகத் தொழ முடியாத மண்ணில், பிறருக்குப் பயிர்த்தொழில் கற்பிப்பதற்காக மட்டும் எஞ்சியிருக்க அவர்கள் விரும்பவில்லை. ஓரானுக்கும் அல்ஜியர்ஸுக்கும் துனீசியாவுக்கும் அவர்கள் சிதறினர். வழியில் கொள்ளையருக்கு இரையானவர்களும் உண்டு. துனீசியாவின் தஸ்தூர் நகரம் அப்படிச் சென்றவர்கள் எழுப்பியதே. வலென்சியாவிலோ ஊர்கள் பல வெறுமையாயின. நிலப்பிரபுக்கள் உழுவாரின்றித் திகைத்தனர்.

ஆயினும் வாய்க்கால்கள் அழியவில்லை. வந்து குடியேறியவர்கள் அவற்றைத் தூர்வாரினர். அதே விகிதப்படி நீரைப் பங்கிட்டனர். இன்றும் வியாழன்தோறும் நண்பகலில், வலென்சியாப் பேராலயத்தின் வாயிலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. விவசாயிகள் தேர்ந்தெடுத்த விவசாயிகளே அங்கு நீதிபதிகள். வழக்கறிஞர் இல்லை, விசாரணை வாய்மொழியாகவே நடக்கும், தீர்ப்பு அப்போதே கிடைக்கும். 2009இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. அந்தப் பேராலயம் எழுந்த இடத்தில், 1238இல் மன்னர் ஜைமே நகரைக் கைப்பற்றும் வரை பள்ளிவாசல் இருந்தது.

அந்தலூஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவை அல்ஹம்ராவின் தூண்களும் குர்துபாவின் வளைவுகளும்தாம். அவற்றைக் கட்டிய மன்னர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். வயலில் சேறு மிதித்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். உண்பவர் யார், எந்த மதத்தினர், விதைத்தவரை அவர் நினைவில் கொண்டாரா என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை. அல்புஃபேராவின் கரையில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கதிர் முற்றுகிறது. அவர்களை விரட்டும் ஆணை பறைசாற்றப்பட்ட மாதமும் அதுவே.