வலி உடம்பிலா, மனசிலா?



என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு மூன்று வருடமாக இடுப்புவலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வீட்டிலும் இப்போது அதே பேச்சு. அவளுக்காகத் தேடிப் படித்தது இது.

ஜான் பொனிகா 1917இல் இத்தாலியின் ஃபிலிகுடி என்ற குட்டித் தீவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போனவர். மருத்துவப் படிப்புச் செலவுக்காக மல்யுத்தம் செய்தார், அதுவும் முகமூடி போட்டுக்கொண்டு! அந்தக் காயங்கள் ஆயுள் முழுக்க வலித்தன. இரண்டாம் உலகப்போரில் மயக்க மருந்து மருத்துவராக ராணுவ மருத்துவமனையில் இருந்தபோது, கை கால் இழந்த வீரர்கள் இல்லாத காலில் வலி என்று அழுவதைப் பார்த்தார். ஊசி போட்டும் தீரவில்லை. நரம்பு, எலும்பு, மனநல மருத்துவர்களைக் கூட்டி உட்காரவைத்து, ஒரே நோயாளியைப் பற்றிப் பேச வைத்தார். 1953இல் சுமார் 1500 பக்கத்தில் வலிக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி அமைப்பு. பயம், கவலை, கவனம் எல்லாம் மூளையிலிருந்து இறங்கிவந்து அந்தக் கதவைத் திறக்கும், சாத்தும். ஆக, மனசு வலியைப் பொய்யாக உண்டாக்குவதில்லை, கூட்டும், குறைக்கும். நம் ஆட்களுக்கு இது தெரிந்திருக்கிறது போல. கால் உளைச்சல், மன உளைச்சல் இரண்டுக்கும் ஒரே சொல்தானே வைத்தார்கள்!

சிகிச்சையில் எனக்குப் பிடித்தது பொனிகாவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஃபோர்டைஸின் வழி. வலித்தால்தான் மாத்திரை, வலித்தால்தான் ஓய்வு, வலித்தால்தான் வீட்டார் பக்கத்தில் வருவது என்றால் வலி வேர்விடும் என்றார் அவர். அதனால் மருந்தைக் கடிகாரம் பார்த்துக் கொடுத்து, மெல்ல மெல்ல அளவைக் குறைத்தார். இன்று இத்தனை அடி நடை, முடித்ததும் ஓய்வு. நாளை கொஞ்சம் கூட. வீட்டாருக்கும் பயிற்சி உண்டு: முனகும்போது ஓடிவராமல், நடக்கும்போது கூட நடங்கள். ஆசிரியர்களுக்கு இது பழகின வித்தைதான். வலி முழுசாகப் போகும் என்று அவர் சொல்லவில்லை, வாழ்க்கை திரும்ப வரவேண்டும் என்பதே நோக்கம்.

பொனிகா முயன்று 1973இல் உருவான உலக வலி ஆய்வுச் சங்கம், 1979இல் வலிக்கு இலக்கணம் வகுத்தது. உடல் உணர்வும் மன உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்றார்கள். கூடவே ஒரு குறிப்பு: உடம்பில் சேதம் எதுவும் தென்படாவிட்டாலும், ஒருவர் வலி என்று சொன்னால் அதை வலியாகவே ஏற்கவேண்டும்.