திறவுச்சொல்லும் கூலி எழுத்தும்

எல்லா ஆவணத்திலும் வருகிற சொல் எதையும் பிரித்துக் காட்டாது. சிலவற்றில் மட்டும் வருகிற சொல்லுக்கே எடை அதிகம். 1972இல் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்த கருத்து இது. எழுதியவர் தன்பாட்டுக்கு எழுதியிருப்பார், தேடுகிறவர் பிறகு வருவார் என்பது இதற்குள் இருக்கும் அனுமானம். பிரதி முந்தியது, தேடல் பிந்தியது.

இணையம் இந்த வரிசையைப் புரட்டிப் போட்டது. 1995 டிசம்பரில் வந்த அல்டாவிஸ்டா, பெருமளவு பக்கத்திலிருக்கும் சொற்களைக் கொண்டே பக்கத்தை எடைபோட்டது. சொல்தானே வேண்டும், இந்தா பிடி என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கொட்டினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. வாசகர் கண்ணுக்கு வெற்றிடம், பொறிக்கு மட்டும் பிரதி. இதை வெறும் தில்லுமுல்லு என்று ஒதுக்கிவிட முடியாது. வாசகரே தேவைப்படாத எழுத்து இங்கேதான் பிழைப்பாகிறது.

1998இல் செர்கே பிரினும் லாரி பேஜும், ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதோடு மற்ற பக்கங்கள் அதைச் சுட்டுவதையும் கணக்கில் எடுத்தார்கள். ஆய்வுலகின் மேற்கோள் மரபிலிருந்து வந்த யோசனை. விளம்பரத்தால் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்றும் அந்தக் கட்டுரையிலேயே எழுதினார்கள். 2000இல் அவர்களுடைய கூகுளே திறவுச்சொற்களோடு விளம்பரத்தைக் கட்டி விற்கத் தொடங்கியது!

சொல்லுக்குச் சந்தை விலை வந்தபின் எழுத்து என்னவாகும்? அமெரிக்காவின் டிமாண்ட் மீடியாவைப் பார்க்கலாம். ஜனங்கள் எதைத் தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பர விலை என்ன, போட்டிக்கு எத்தனை பக்கங்கள் என்று கணினி கணக்குப் போட்டுத் தலைப்பைத் துப்பியது. வீட்டிலிருந்து எழுதியவருக்குக் கட்டுரைக்குச் சுமார் 15 டாலர் கிடைத்தது. இந்தக் கூலிக்கு யார் நூலகம் போவார், யார் நாலு பேரிடம் விசாரிப்பார்? எழுதித் தள்ளினால்தான் கட்டுபடியாகும். அந்தப் பக்கங்களில் ஓடிய விளம்பரங்களில் பெரும்பங்கு கூகுள் வழி வந்தவை. வருமானத்தில் அதற்கும் பங்கிருந்தது.

2011 ஜனவரியில் டிமாண்ட் மீடியா பங்குச்சந்தைக்கு வந்தது. அடுத்த மாதமே, தரமற்ற பக்கங்களைக் கீழே தள்ளுகிறோம் என்று கூகுள் மாற்றம் கொண்டுவந்தது. பிறகு 'பாண்டா' என்று பெயர் பெற்றது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதம் மாறும் என்று கூகுளே சொன்னது. கூலிக்கு வழிசெய்ததும் அதுவே, தண்டித்ததும் அதுவே. 'தரம்' என்ற சொல்லாடலை இந்த இடத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டியுள்ளது.

தரம் என்றால் என்ன என்று 2011 மே மாதம் கூகுள் ஒரு கேள்விப் பட்டியல் வெளியிட்டது. இதை நம்புவீர்களா, விஷயம் தெரிந்தவர் எழுதியதா என்று போகும். ஏகப்பட்ட பேரிடம் வெளியே கொடுத்து எழுதி வாங்கியதா என்றுகூட ஒன்று உண்டு. எழுதியவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. மனிதருக்காக எழுதுங்கள் என்று 2022 ஆகஸ்டில் இன்னொரு மாற்றம், கூடவே இன்னொரு பட்டியல். அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இப்போது எழுதுகிறார்கள்.