மூன்று முகக் கல்

லிசிய மொழியை வாசிக்க முடிகிறது, புரிந்துகொள்வதுதான் சிரமம். துருக்கியின் தென்மேற்குக் கரையில், கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளில் வெட்டப்பட்ட இக்கல்வெட்டுகளில் 29 எழுத்துகள். பெரும்பாலானவை கிரேக்க எழுத்துகளுக்கு உறவானவை. ஆகவே ஒலி பெரிய மர்மமல்ல. கிடைத்திருக்கும் 150க்கும் மேற்பட்ட கற்களில் மிகப் பலவும் கல்லறைகள். இன்னார் தன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இதைக் கட்டினான் என்ற ஒரே வாய்பாடு. 'லத' மனைவி, 'திதெய்மி' பிள்ளை. கல்லறையை விட்டு வெளியே வந்தால் இருட்டு.

இருட்டில் நடக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உறவு மொழிகளில் இணை தேடுவது. 1945இல் ஹோல்கர் பெடர்சன் லிசியத்தின் இலக்கணத்தை ஹிட்டைட்டோடு ஒப்பிட்டது இவ்வழியின் வெற்றி. இதே வழி ஆசை காட்டவும் செய்யும். 'லத'விலிருந்துதான் கிரேக்கர்களின் லெட்டோ என்ற தெய்வப் பெயர் பிறந்தது என்று சொன்னவர்கள் உண்டு. மற்ற வழி, ஒரு சொல் எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்று பொறுமையாகப் பார்ப்பது. 'மின்தி' என்ற சொல் கல்லறை உரிமை, கட்டணம் ஆகியவற்றை ஒட்டி வருகிறது. கல்லறைகளைக் கண்காணித்த ஒரு சபை என்று ஊகிக்கிறார்கள். அந்நாட்டின் கிரேக்கக் கல்வெட்டுகளோ அதை மொழிபெயர்க்காமல் 'மிந்திஸ்' என்றே எழுதிவிட்டன.

1973இல் சாந்தோஸ் நகருக்கு அருகில், லெட்டூன் கோயில் வளாகத்தில், பிரெஞ்சு அகழ்வாளர்களுக்கு ஒரு கல் கிடைத்தது. லிசியம், கிரேக்கம், அரமேயம் ஆகிய மூன்று மொழிகளில் ஒரே செய்தி: புதிய வழிபாடு ஒன்றுக்குப் பலிபீடம், பூசாரி, நிலம். பல சொற்களுக்கு இதனால் உறுதி கிடைத்தது. ஆனால் இக்கல் அகராதி அல்ல என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சாப வரியைப் பாருங்கள். கிரேக்கம் லெட்டோ என்கிறது. அவள் சந்ததியைப் பெயரில்லாமல் குறிக்கிறது. அரமேயம் பாரசீக ஆட்சியின் அலுவல் மொழி. அது லெட்டோவோடு ஆர்ட்டெமிஸ் பெயரையும், 'ஆட்சியின் தலைவன்' என்று பொருள்படும் க்ஷத்ரபதி என்ற இரானியப் பெயரையும் சேர்க்கிறது. லிசியத்தில் லெட்டோவே இல்லை. 'இவ்வளாகத்தின் தாய்', 'அவள் பிள்ளைகள்', அவ்வளவுதான். கல்லறைகளில் கண்ட அதே 'திதெய்மி' இங்கே தெய்வத்தின் பிள்ளையைச் சொல்கிறது. ஒலியை நம்பி 'லத'வைத் தேடியவனுக்கு இங்கே கிடைப்பது தாய் என்ற சொல்.

ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்று எண்ணுவது நம் பழக்கம். இங்கே மூன்று பேர் தத்தம் தெய்வத்தைத் தத்தம் முறையில் அழைத்திருக்கிறார்கள். 'தாய்' என்ற சொல்லை ஒட்டி லிசியத்தில் 'ப்ந்த்ரென்னி' என்று ஓர் அடைமொழி வருகிறது. மற்ற இரண்டிலும் அதற்கு இணை இல்லை; அதன் பொருளைப் பற்றிய சர்ச்சை தீரவில்லை. அந்த ஊர்க்காரனுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அயலானுக்கு விளக்க அவன் முனையவும் இல்லை. ஒரு மொழி மிகவும் தனக்கே உரியதாக இருக்கும் இடமும் நமக்கு மிகவும் இருண்டிருக்கும் இடமும் ஒன்றுதான்.